கனடாவில் இருந்து வந்த கெனன் 700டி கமரா, கையில் 30,000 ரூபா: அம்மப்பாவின் நாதஸ்வரத்தைப் பதிவு செய்ய எதை வாங்கலாம்?

சீவாளிப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அளவெட்டியில் இருந்து எழுதுகிறேன். என் அம்மப்பா நாதஸ்வரக் கலைஞர். வயது 79. கோயில்களுக்கு வாசிக்கப் போவதை நிறுத்தி இரண்டு வருடமாகிவிட்டது. ஆனாலும் பின்னேரங்களில் வீட்டுத் திண்ணையில் இருந்து வாசிப்பார், அயலில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார். தனக்கு வேண்டிய சீவாளியை (வாத்தியத்தில் வாய் வைத்து ஊதும் நாக்கை) இன்றைக்கும் தானே கட்டிக்கொள்வார்.

அவருக்குத் தெரிந்த மல்லாரிகளை (சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் உருப்படிகளை) அவர் வாசிக்க வாசிக்கப் பதிவு செய்து வைக்க ஆசைப்படுகிறேன். தேர் மல்லாரி எப்போது, தளிகை மல்லாரி எப்போது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சீவாளி கட்டும் விரல்களைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். நல்ல படங்களும் நாலைந்து வேண்டும். அவருக்குப் போன மாதம் மூச்சு இளைத்தது. அதில் இருந்து எனக்கு இதைத் தள்ளிப்போட மனமில்லை.

ஸ்காபரோவில் இருக்கும் மாமா தான் பாவித்த கெனன் 700டி கமராவைத் தந்துவிட்டார். அதோடு 18-55 எஸ்டிஎம் லென்ஸும் ஒரு பற்றரியும் வந்தன. ஒரு நாள் எடுத்தும் பார்த்தேன். தவில் அடிக்கிற இடத்தில் எல்லாம் சத்தம் கிழிந்து கேட்கிறது. பொழுதுபட்டு ரியூப்லைட் போட்டதும் படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. பிளாஸ்டிக் கதிரை மேல் புத்தகம் அடுக்கி கமராவை வைத்ததால் படம் ஒரு பக்கம் சரிந்தே நிற்கிறது.

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் விசாரித்தேன். முதலில் கிம்பல் (நடந்து எடுக்கும்போது கமராவை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி), அடுத்தது யூவி பில்டர், மிச்சக் காசுக்கு ஒரு வட்ட லைட் என்றார்கள். கிம்பலின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என்னிடம் இருப்பது 30,000 ரூபா. இதற்குள் எதை வாங்கினால் அம்மப்பாவின் வாசிப்பு ஒழுங்காக நிற்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இணுவில் படக்காரன் எழுதியது:

தங்கச்சி, கடைக்குப் போகும் முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கமரா கனடாவில் ஓடியது. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மெனுவில் வீடியோ சிஸ்டம் என்ற இடத்தைப் பாருங்கள், என்டிஎஸ்சி என்று இருக்கும். அதைப் பிஏஎல் ஆக்குங்கள். செக்கனுக்கு 25 பிரேம் என்ற தெரிவு அப்போதுதான் வரும். பிறகு மேலே உள்ள வட்டத்தை எம் இல் விட்டு ஷட்டரை 1/50 இல் வையுங்கள். இங்கே ரியூப்லைட் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது. 1/50 செக்கனுக்குள் சரியாக இரண்டு மினுக்கம் அடங்குவதால் எல்லாப் பிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 1/60 இல் அந்தக் கணக்கு பொருந்தாது. நீங்கள் கண்ட கறுப்புக் கோடு அதுதான்.

எனக்கு இது விளங்கியது ஒரு சாமத்தியவீட்டில். ரொறன்ரோவில் இருந்து வந்த கமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன், மண்டபம் முழுக்க ரியூப்லைட். வீட்டுக்கு வந்து திரையில் போட்டால் பிள்ளையின் முகத்தில் கோடு ஓடுகிறது. வாங்கிய காசை அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆனால் அந்தத் தாய்க்கு அந்த நாள் திரும்பக் கிடைக்கவில்லை. 18 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதற்குப் பிறகு இரவல் கமராவைக் கையில் எடுத்தால் முதலில் அந்த மெனுவைத்தான் திறப்பேன்.

சார்ஜரையும் திருப்பிப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பிளக்குக்கு அடப்டர் மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம்.

இனி சத்தம். உங்கள் காசில் முதல் பங்கு இதற்குத்தான். படம் கொஞ்சம் இருண்டிருந்தால் மனிதர் பொறுத்துக்கொள்வார்கள். கிழிந்த நாதஸ்வரத்தை யார் இருந்து கேட்பார்கள்? கமரா இப்போது சத்த அளவைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அம்மப்பா மெல்லப் பிடிக்கும்போது கூட்டிவிடும், அந்த நேரம் பார்த்துத் தவில் விழுந்தால் வெடிக்கும். மெனுவில் சவுண்ட் ரெக்கோடிங்கை மனுவலுக்கு மாற்றுங்கள், உரத்த சத்தத்தைத் தணிக்கும் அட்டெனுவேட்டர் என்பதையும் போட்டுவிடுங்கள். தவில்காரரை உச்சத்தில் நாலு ஆவர்த்தனம் அடிக்கச் சொல்லி, திரையில் தெரியும் சத்த மீற்றர் -12 ஐத் தாண்டாத இடத்தில் நிறுத்துங்கள். பூச்சியத்தைத் தொட்ட சத்தம் உடைந்த சத்தம், பிறகு எந்த மென்பொருளாலும் அதை ஒட்ட முடியாது.

மைக்குக்குப் போயா பிவை-எம்1 என்ற கிளிப் மைக் போதும். உங்கள் 700டியில் 3.5 மில்லிமீற்றர் மைக் துளை இருக்கிறது (1200டி, 1300டி வைத்திருப்பவர்களுக்கு அது இல்லை, அவர்கள் சத்தத்தைப் போனில்தான் பதிய வேண்டும்). அந்த மைக்கின் வயர் 6 மீற்றர், உங்கள் வேலைக்கு அந்த நீளம்தான் பெரிய வசதி. அதில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கமரா பக்கம் தள்ளினால்தான் கமராவில் சத்தம் ஏறும். முடிந்ததும் மற்றப் பக்கம் தள்ள மறந்தால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பொத்தான் பற்றரி இறங்கிவிடும். மேலதிகமாக இரண்டு வாங்கி வைத்திருங்கள்.

அம்மப்பா கதைக்கும்போது மைக்கைச் சால்வையின் மடிப்பில், வாயில் இருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். வாசிக்கும்போது மட்டும் அவர் மேலில் இருக்கக் கூடாது, அணசுக்கு (வாத்தியத்தின் விரிந்த அடிப்பக்கத்துக்கு) முன்னாலும் வேண்டாம். நாதஸ்வரத்தின் சத்தம் அணசால் மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் விரல் துளைகளாலும் வருகிறது. அணசின் வாயில் வைத்தால் காதைக் குத்தும், முழு வாத்தியம் கேட்காது. ஐந்தாறு அடி தள்ளி, அவர் நெஞ்சு உயரத்தில், திண்ணைத் தூணில் கட்டிப் பாருங்கள். தவில்காரரை அவருக்கு இணையாக இருத்தாமல் மைக்கில் இருந்து இன்னும் மூன்று அடி பின்னுக்கு இருத்துங்கள். இதற்கெல்லாம் காசு போகாது.

வீட்டில் பழைய போன் ஒன்று இருந்தால் அதிலும் தனியாகச் சத்தம் பதியுங்கள். தொடங்கும்போது கமராவுக்கு முன் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். டாவின்சி ரிசொல்வின் இலவசப் பதிப்பே அலைவடிவத்தைப் பார்த்து இரண்டையும் பொருத்தித் தரும். ஒன்று பழுதானால் மற்றது கை கொடுக்கும். 79 வயது மனிதரைத் திரும்ப ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது ட்ரைபொட். உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், காலின் தடிப்பைப் பாருங்கள். நடுத்தண்டை ஏற்றாமல் உங்கள் நெஞ்சளவு வந்தால் போதும், அம்மப்பா இருந்துதான் வாசிக்கிறார். நடுத்தண்டின் அடியில் கொழுக்கி உள்ளதாகத் தேடுங்கள். மணல் நிரப்பிய பையை அதில் தொங்கவிட்டால் மலிவு ட்ரைபொட்டும் அசையாது. கடையிலேயே கமராவைப் பூட்டி, தலையை இறுக்கிவிட்டு லென்ஸைக் கீழே மெல்ல அழுத்துங்கள். விட்டதும் படம் ஏறி இறங்கினால் வேண்டாம். இந்த விலையில் எந்தத் தலையும் வீடியோவில் வழுக்கித் திரும்பாது. ஆகவே திருப்பாதீர்கள், ஒரு கோணத்தில் வைத்து ஒரு மல்லாரியை முடியுங்கள். ட்ரைபொட்டில் நிற்கும்போது லென்ஸில் உள்ள, கை நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசர் சுவிட்சை அணைக்க வேண்டும்.

கிம்பல் நடக்கிறவனுக்கு. இருந்து வாசிக்கிறவரை எடுக்க அது எதற்கு? யூவி பில்டரும் வேண்டாம். மலிவுக் கண்ணாடி என்றால் குத்துவிளக்குச் சுடரின் பிரதிபலிப்பு ஒன்று படத்தில் மிதக்கும். அந்தக் காசுக்கு உங்கள் லென்ஸுக்குரிய ஈடபிள்யூ-63சி ஹூட் வாங்குங்கள். சாய்ந்த வெயிலையும் மறைக்கும், எங்காவது இடிபட்டால் அடியையும் அது தாங்கும்.

வட்ட லைட்டை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன், கண்ணுக்குள் வளையம் விழும். மருதனார்மடத்தில் என்றாலும் சுன்னாகத்தில் என்றாலும் ஒரு வெள்ளை ரிஜிபோம் தட்டு வாங்குங்கள். பின்னேரம் நாலரைக்கு வெளிச்சம் முற்றத்தில் இருந்து திண்ணைக்குள் ஒரு பக்கமாக வரும். மற்றப் பக்கம் அந்தத் தட்டை நிறுத்தினால் முகத்தின் இருண்ட பாதி மெல்ல எழும்பி வரும். கறுத்த வாத்தியத்தின் விளிம்பில் ஒரு கோடு மினுங்கும். அந்த அழகை 20,000 ரூபா லைட்டில் நான் இதுவரை காணவில்லை.

இரண்டாவது பற்றரி கட்டாயம் வேண்டும். 64 ஜிபி மெமரி காட் ஒன்றும் எடுங்கள். 700டியில் முழு எச்டி 4 ஜிபிக்கு ஏறத்தாழ 11 நிமிடம் வரும், அதிவேகக் காட்டுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. ஒரு பதிவு 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும். அம்மப்பா ராகத்தை விரித்து வாசிப்பவர் என்றால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

காரைநகர்க் காற்று எழுதியது:

படக்காரன் அண்ணா சத்தத்தைப் பற்றிச் சொன்னதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கம் மைக்கில் காற்றைத் தவிர வேறொன்றும் பதியாது. அளவெட்டியில் அவ்வளவு இல்லை என்றாலும் திறந்த திண்ணை திண்ணைதான். மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு மூச்சுக் காற்றுக்கு மட்டும் சரி. வெளியில் எடுக்க மயிர் வைத்த உறை வேண்டும், கிளிப் மைக்குக்கு என்றே சின்னதாக விற்கிறார்கள். நான் மகளின் பழைய கரடிப் பொம்மையில் ஒரு துண்டு வெட்டித் தைத்து, அடியில் ரப்பர் வளையம் போட்டுப் பாவிக்கிறேன். கசூரினாக் கடற்கரையில் நின்று கதைத்ததே தெளிவாகக் கேட்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு விஷயம். கமராவைத் தோல் பைக்குள் பூட்டி அலுமாரியில் வைக்காதீர்கள். போன மாரியில் அப்படி வைத்த என் லென்ஸின் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. துடைத்துத் தருகிறேன் என்று வாங்கியவர் திருப்பித் தந்தபோது போகஸே பிடிக்கவில்லை. காற்றுப் புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி, கொஞ்சம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று, இவ்வளவும் லென்ஸ் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. மீற்றர் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும், அதற்கு மேல் காய வைப்பதும் நல்லதல்ல. செம்மஞ்சளில் இருந்து பச்சையாகும் ஜெல்லை வாங்குங்கள். நீல நிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வோரும் உண்டு, அந்தத் தவிட்டுத் தூசு கமராவுக்குள் போனால் எடுக்க முடியாது.

கடற்கரைக்குப் போய் வந்தால் கமராவின் உடலை நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். லென்ஸில் தூசு இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் வேண்டாம்.

நல்லூர் வீதி எழுதியது:

எல்லோரும் 50 எம்எம் லென்ஸை மறந்துவிட்டீர்களே. எஃப்1.8 எஸ்டிஎம், பாவித்தது என்றால் சில நேரம் இந்த 30,000க்குள் கிடைக்கும். 18-55 ஐ 55க்கு இழுத்தால் எஃப்5.6 தான் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறக்கும்). அதோடு பார்த்தால் இது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் வாங்கும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோய் முகம் மட்டும் நிற்கும். நல்லூர்த் திருவிழாவில் இரவில் வெளிவீதியில் இதைத் தவிர வேறு லென்ஸ் எடுத்துப் போவதில்லை. தங்கச்சி படமும் கேட்டிருக்கிறா, ஒரு தாத்தாவின் முகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இணுவில் படக்காரன் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் லென்ஸ் என் பையில் எப்போதும் இருக்கும். கையில் இன்னொரு 30,000 இருந்தால் அடுத்தது அதுதான். ஆனால் இந்த வேலைக்கு இப்போது வேண்டாம் என்பேன். 700டியின் சின்ன சென்சரில் அது 80 எம்எம் மாதிரி நெருங்கி நிற்கும். அம்மப்பாவையும் தவிலையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர நீங்கள் முற்றத்தைத் தாண்டி ஒழுங்கைக்கே போக வேண்டி வரும். அதில் ஸ்டெபிலைசரும் இல்லை. எஃப்1.8 இல் மூக்கு கூராக இருக்க காது மங்கிப்போகும், வாசிக்கிறவர் தலையை ஆட்டினால் போகஸ் போய்விடும்.

சீவாளி கட்டும் கிட்டத்துப் படத்துக்கும் கையில் உள்ள லென்ஸ்தான் நல்லது. 18-55 எஸ்டிஎம் 25 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும், 50 எம்எம் 35இல் நின்றுவிடும். 55க்கு இழுத்து, எஃப்8 வைத்து, ஜன்னலோரம் ஒரு மேசையில் எடுங்கள். நூல் சுற்றும் பெருவிரல் நகம் வரை தெரியும்.

தம்பி திருவிழாவைச் சொன்னபடியால் ஒன்று. பகலில் தேர் எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் தேவை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 இல் ஷட்டரை 1/50க்கு இறக்கினால் படம் வெளுத்துவிடும். எஃப்8க்கு என்டி8, எஃப்2.8க்குத் திறக்க ஆசை என்றால் என்டி64. திண்ணை நிழலில் எஃப்8 வைத்தாலே சரி, தங்கச்சி அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். வெளிவீதியில் மணல் பரப்பியிருக்கும் நாட்களில் அங்கே நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம், சென்சருக்குள் மணல் போனதைக் கண்டிருக்கிறேன்.

சீவாளிப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. சொன்ன மாதிரியே செய்தேன். முதலில் மெனுவைத் திறந்தேன், என்டிஎஸ்சி என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டு ரியூப்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. இரண்டு கிழமையாகக் கோளாறு கமராவில் என்று நினைத்து மாமாவுக்கும் சொல்ல முடியாமல் இருந்தேன்.

கணக்கு இது: கொழுக்கி உள்ள ட்ரைபொட் 11,500, மைக் 5,200, பற்றரி 3,500, காட் 3,000, ஹூட் 1,200, ரிஜிபோம் 350, பெட்டி 900, ஜெல் 600. மொத்தம் 26,250. மிச்சம் 3,750 ரூபாவில் ஈரப்பத மீற்றரும் மயிர் உறையும் வாங்கலாம் என்று இருக்கிறேன். காரைநகர் அக்கா, எங்கள் வீட்டில் கரடிப் பொம்மை இல்லை.

ஞாயிறு பின்னேரம் தேர் மல்லாரி எடுத்தோம். கடைசித் தம்பி ரிஜிபோமைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். தவில் மாமாவை மூன்று அடி பின்னுக்கு இருக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அம்மப்பாவே சொல்லிவிட்டார். மீற்றர் -12 ஐத் தாண்டவில்லை. 700டியில் ஹெட்போன் துளை இல்லாதபடியால் முடிந்ததும் லப்டொப்பில் போட்டுத்தான் கேட்டோம். கம்பீரநாட்டை ராகத்தை எடுத்த எடுப்பிலேயே கிணற்றடியில் நின்ற அம்மா உள்ளே ஓடி வந்துவிட்டா.

அம்மப்பா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். முழுவதும் கேட்டார். பிறகு, "தவிலின்ரை வலந்தலை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நிக்குது பிள்ளை, மைக்கை என்ரை பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டு" என்றார். தூணில் அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை தளிகை மல்லாரி.